வயசு போனா அப்படித்தான்

ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறார். தலையில் துண்டைக் கட்டி, இடுப்பில் பழைய படங்கைச் சுற்றிக்கொண்டு இஸ்தோப்பில் வந்து நிற்கிறார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நேரமாகிவிட்டதாம். அவர் வேலையிலிருந்து நின்று பதினைந்து வருடமாகிறது. மருமகள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைக்கிறாள். சற்று நேரத்தில் பாட்டியின் விரல்கள் மடியில் கிடக்கும் சேலைத் தலைப்பை நுள்ளத் தொடங்குகின்றன. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கின்றன, மணிக்கட்டு சற்றே திரும்புகிறது, கை தோளுக்குப் பின்னால் போய் இல்லாத கூடையில் எதையோ போட்டுவிட்டு வருகிறது. இரண்டு இலை, ஒரு குருத்து. மறுபடியும் இரண்டு இலை, ஒரு குருத்து.

என்ன ஆயிற்று என்று கேட்டால் வீட்டில் ஒரே பதில்தான் வரும்: “வயசு போனா அப்படித்தான்.”

இந்தப் பாட்டி ஒருவரல்ல. பலரைச் சேர்த்து வரைந்த முகம். ஆனால் அந்த மூன்று சொற்கள் அச்சு அசலானவை. லயத்தில் மட்டுமல்ல, கண்டி நகரத்தில் கட்டுக்கலைப் பக்கத்துக் கடைவீட்டிலும், கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டிலும் அவற்றைக் கேட்கலாம். அன்போடு சொல்லப்படுவதால்தான் அவற்றை எதிர்த்துப் பேசுவது கடினமாக இருக்கிறது. அந்தச் சொற்கள் ஒரு நோயை எப்படி மறைத்து வைத்திருக்கின்றன என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் வேலூருக்குப் போய்வர வேண்டும்.

1998-ல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் சிலர் ஒரு குழுவைத் தொடங்கி, அதற்கு ‘10/66’ என்று பெயர் வைத்தார்கள். டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவர்களில் 66 வீதமானோர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் பத்து வீதம்கூட அந்நாடுகளில் நடக்கவில்லை என்பதைப் பெயரிலேயே பொறித்துக்கொண்ட குழு அது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, பெரு, வெனிசுவேலா, மெக்சிக்கோ, சீனா, இந்தியா என ஏழு நாடுகளில் பதினொரு இடங்களில், 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 15,000 பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். இந்தியாவில் நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். முடிவுகள் 2008-ல் ‘லான்செட்’ இதழில் வந்தன.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்.-4 என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தபோது கியூபாவில் 6.3 வீதமானோருக்கு டிமென்ஷியா இருந்தது. வேலூர்க் கிராமங்களில் 0.3 வீதம்.

கேழ்வரகுக் கூழும் கூட்டுக்குடும்பமும் மூளையைக் காத்துவிட்டன என்று மகிழ்ந்துகொள்ள ஏற்ற எண் இது. குழு அப்படி மகிழ்ந்துவிடவில்லை. படிப்பு, பண்பாடு என்ற வேறுபாடுகளையெல்லாம் தாண்டி வேலை செய்யும்படி தாங்களே உருவாக்கிச் சரிபார்த்த இன்னொரு முறையால் அதே மனிதர்களைப் பார்த்தார்கள். இம்முறை எல்லா இடங்களிலும் விகிதம் 5.6-க்கும் 11.7-க்கும் இடையில் வந்து நின்றது. வேலூரும் அதற்குள்தான். முதல் அளவுகோலில் தப்பியவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, அன்றாட வேலைகளில் அவர்களுக்குப் பெரும் இயலாமை இருப்பதும் தெரிந்தது.

அப்படியானால் முதல் அளவுகோல் ஏன் ஏமாந்தது? டிமென்ஷியா என்று சொல்ல நினைவு குறைந்திருந்தால் மட்டும் போதாது, அதனால் அந்த மனிதரின் சமூக வாழ்விலோ தொழிலிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு வந்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார். ‘அம்மாவால் முன்போல வேலைகளைச் செய்ய முடிகிறதா?’ என்று கேட்டால், ‘அவங்களுக்கு என்ன வேலை, சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க’ என்ற தோரணையில் பதில் வரும் வீடுகள் எத்தனையோ. சமையல் மருமகளிடம் போய்விட்டது. காசு மகன் கையில். கடைக்குப் பேரன் போகிறான். வங்கிப் படிவம் நிரப்பவோ பஸ் மாறிப் போகவோ அந்த முதியவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்காத வேலையைச் செய்ய முடியாமல் போனது யாருக்குத் தெரியும்?

இலண்டனில் தனியே வாழும் எழுபது வயதுக்காரர் மின்கட்டணத்தை இரண்டு முறை கட்ட மறந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும், விஷயம் வெளியே வந்துவிடும். தெல்தோட்டைப் பாட்டிக்கு அப்படி எந்தக் கடிதமும் வராது. மதிப்பும் ஓய்வும் கொடுத்து முதியவரை ஒரு மூலையில் பத்திரமாக உட்கார வைக்கும் வீட்டில், நோய் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை எந்தத் தடையும் இல்லாமல் கடந்துவிடுகிறது. அவர் வழிதவறித் தேயிலைக்குள் போய் இரவு முழுவதும் நின்ற பிறகோ, பெற்ற மகனையே ‘நீ யாரு?’ என்று கேட்ட பிறகோதான் ஆஸ்பத்திரிப் பேச்சு எழுகிறது.

இதற்காக லயத்துக் குடும்பத்தைக் குறை சொல்வது நியாயமல்ல. மருத்துவ உலகமே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

1901 நவம்பரில் பிராங்பர்ட் மனநல விடுதிக்கு ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண் கொண்டுவரப்பட்டார். மறதி, காரணமில்லாத சந்தேகம், பேச வந்த சொல் கிடைக்காத தவிப்பு. மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர் அவரிடம் பெயரையும் கணவர் பெயரையும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பதில்களைக் குறித்து வைத்தார். 1906-ல் ஆகுஸ்டே இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். முதலாவது அமிலாய்டு என்றும் இரண்டாவது டாவ் என்றும் இன்று அறியப்படும் புரதங்கள். அவ்வாண்டு நவம்பரில் ட்யூபிங்கனில் நடந்த மாநாட்டில் இதைச் சொன்னபோது அவையில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1910-ல் எமில் கிரெப்லின் தம் பாடநூலில், டிமென்ஷியாவின் ஒரு வகையான இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரை வைத்தார்.

ஆகுஸ்டே விடுதிக்கு வந்தபோது அவருக்கு வயது 51. அந்த வயதுதான் பின்னால் பெரும் குழப்பத்தை உண்டாக்கியது. அல்ஸைமர் நோய் என்பது நடுவயதில் வரும் அபூர்வமான வியாதி, எழுபதிலும் எண்பதிலும் வருவது வெறும் முதுமைத் தளர்ச்சி என்று மருத்துவர்கள் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். 1960-களில் நியூகாசிலில் பிளெஸட், டொம்லின்சன், ரோத் என்ற மூவர், முதியோர் உயிரோடிருந்தபோது அவர்களுடைய நினைவாற்றலை அளந்து, இறந்தபின் மூளையைப் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். அதே திட்டுகள் அங்கும் இருந்தன. தடுமாற்றம் கூடியவர்களிடம் அவை கூடுதலாகவும் இருந்தன. 1976-ல் நரம்பியலாளர் ராபர்ட் கட்ஸ்மன் எழுதிய சிறு கட்டுரைதான் இரண்டும் ஒரே நோய், அது பலரைக் கொல்லும் பெருநோய் என்று உரக்கச் சொன்னது. ஆகவே முதுமையையும் நோயையும் பிரித்துப் பார்க்கும் அறிவு நமக்கு வாய்த்து இன்னும் ஐம்பது ஆண்டுதான் ஆகிறது. அது எல்லோரையும் போய்ச் சேரவில்லை. அல்ஸைமர் நோய்க்கான சர்வதேச அமைப்பு 2024-ல் வெளியிட்ட உலக ஆய்வில், பொதுமக்களில் ஐந்தில் நால்வர் டிமென்ஷியாவை முதுமையின் இயல்பான பகுதி என்றே நினைத்தார்கள். மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்களிலும் மூன்றில் இருவர் அப்படியே.

சொற்களும் இந்தக் கலப்பைக் கட்டிக்காக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ‘அறளை பேர்ந்துபோச்சு’ என்பார்கள். மலையகத்தில் ‘புத்தி தடுமாறிப்போச்சு’. அமெரிக்க மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் வாரணாசியில் தங்கி ஆராய்ந்தபோது, அறுபதைத் தொட்டாலே புத்தி கெடும் என்ற பொருளில் வயதின் எண்ணையே வினைச்சொல்லாக்கி இந்தி பேசுவோர் சொல்வதைக் கேட்டார். பிள்ளைகள் சரியாகப் பார்க்காததால்தான் பெரியவருக்கு இப்படி ஆயிற்று என்று ஊரார் குடும்பத்தின்மேல் பழி போடுவதையும் பதிவு செய்தார். அந்தப் பழிச்சொல்லுக்குப் பயந்தே நோயை மறைக்கும் வீடுகள் நம்மிடமும் உண்டு. மனநல கிளினிக்குக்குப் போவதென்றால், மனநல வைத்தியசாலையோடு சேர்த்தே அறியப்பட்ட ‘அங்கொட’ என்ற ஊர்ப்பெயர் வசவாக வந்து நடுவில் நிற்கிறது. ஜப்பானிலும் டிமென்ஷியாவுக்கு வழங்கிய சொல்லில் ‘மந்தபுத்தி’ என்ற இழிவு ஒட்டிக்கொண்டிருந்தது. 2004-ல் அரசாங்கமே அதைக் கைவிட்டு, அறிதிறன் குறைபாடு என்று பொருள்படும் புதுச்சொல்லைக் கொண்டுவந்தது. நமக்கு ‘மறதி நோய்’ என்ற எளிய சொல் இருக்கிறது. அதில் ‘நோய்’ என்ற பாதியை விழுங்காமல் சொன்னாலே பெரிய முன்னேற்றம்.

நோயைப் பேய் என்று நினைத்து மறைப்பதும் உண்டு. டிமென்ஷியாவில் லூயி உடல் வகை என்று ஒன்று உண்டு. அதில் இல்லாத ஆட்கள் அப்பட்டமாகக் கண்ணுக்குத் தெரிவார்கள், பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள், சில வேளை நாய், பூனை. காம்பராவின் மூலையில் ஒரு குழந்தை நிற்கிறது என்று பாட்டி சொன்னால் வீட்டார் கோடாங்கியைத் தேடிப் போவது வியப்பல்ல. ஆனால் இந்த விவரத்தை டாக்டரிடம் சொல்லத் தவறினால் ஆபத்து. மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் லூயி உடல் நோயாளியை முற்றாக முடக்கிவிடக்கூடியவை.

இனி அந்த விரல்களுக்கு வருவோம். பெரட்டு முடிந்து பதினைந்து ஆண்டாகியும், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதே மறந்தும், கொழுந்து நுள்ளும் நுணுக்கம் எப்படி மிஞ்சியது? அல்ஸைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். இன்றைய நிகழ்ச்சியை நாளைய நினைவாகப் பதிக்கும் பகுதி அது. 1953-ல் அமெரிக்காவில் வலிப்பைக் குறைப்பதற்காக ஹென்றி மொலைசன் என்ற இளைஞரின் மூளையிலிருந்து அப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரைய வேண்டும். மூன்று நாட்களில் மொலைசன் அதில் தேறிவிட்டார். முன்பு அதைச் செய்ததாக மட்டும் அவருக்கு ஞாபகமே இல்லை. கைப்பழக்கம் மூளையின் ஆழத்தில் வேறு வழியாகப் பதிகிறது. முப்பது நாற்பது வருடம் நாளுக்குப் பல்லாயிரம் தடவை நுள்ளிய விரல்களுக்கு ஹிப்போகாம்பஸின் தயவு தேவையில்லை.

பழைய நினைவு தங்குவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. புதியது முதலில் அழியும், பழையது கடைசியில் அழியும் என்று பிரெஞ்சுக்காரர் தியோடூல் ரிபோ 1881-லேயே எழுதினார். கண்டி மலைகளில் இந்த விதிக்கு வரலாற்றின் சாயல் படிந்துவிடுகிறது. பொழுது சாயும் நேரத்தில் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று தவிப்பது உலகெங்கும் டிமென்ஷியா உள்ளவர்களிடம் காணப்படும் பழக்கம். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே கேட்பார்கள். தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்கு வந்த ஒரு குடும்பத்தின் முதியவர் ‘ஊருக்குப் போகணும்’ என்றால் அது எந்த ஊர்? 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கடவுச்சீட்டுக்காகக் கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்துக்கு நடந்து, சாமான்களைக் கட்டி, தலைமன்னாருக்கு ரயிலேறிக் கப்பலில் போனவர்கள் அண்ணன், தங்கை, பிள்ளைகளை இங்கே விட்டுப் போனார்கள். 1984-ல் அந்தக் கப்பலும் நின்றது. இன்று எண்பதை எட்டிய ஒரு மூதாட்டி, பொட்டி கட்டணும், ரயில் போயிரும் என்று அந்தியில் பதறினால், அது அர்த்தமற்ற உளறல் என்று தள்ளிவிட முடியாது. அவருடைய இருபதாம் வயது அவருக்குள் நடந்துகொண்டிருக்கிறது. ‘ரயில் எப்பவோ போயிருச்சு பாட்டி, அந்தக் காலமெல்லாம் முடிஞ்சுது’ என்று திருத்தினால் பதற்றம் கூடும். ‘யார் யாரெல்லாம் போறாங்க பாட்டி?’ என்று கேட்டு ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தால் பெரும்பாலும் தணியும். முதியோர் பராமரிப்பில் உலகம் முழுக்கக் கற்பிக்கப்படும் பாடமும் அதுவே.

சரி, டாக்டரிடமே கூட்டிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தேர்வு காத்திருக்கிறது. 1975-ல் அமெரிக்காவில் உருவான முப்பது மதிப்பெண் தேர்வுதான் உலகெங்கும் நெடுங்காலம் பயன்பட்டது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்லும். இன்றைய திகதி கேட்கும். பள்ளிக்கூடத்தில் ஓரிரு வருடம்கூட உட்காராத, பென்சில் பிடித்தறியாத ஒரு பெண் இதில் தோற்றால் தோற்றது மூளையா, அவருக்குக் கிடைக்காத பள்ளிக்கூடமா? அதே பெண்ணிடம் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), எத்தனைக்கு முழுப்பேர், நிறுவையில் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டிருந்தால் நல்ல காலத்தில் பட்டென்று சொல்லியிருப்பார். அதைச் சொல்லத் தெரியாமல் போன நாள்தான் கவலைக்குரிய நாள்.

இலங்கை மருத்துவர்கள் இந்தச் சிக்கலை உணராமலில்லை. அத்தேர்வின் சிங்கள வடிவத்தை டி சில்வாவும் குணதிலக்கவும் 2002-ல் சரிபார்த்தார்கள். மறு ஆண்டு வெளியான அவர்களுடைய றாகம ஆய்வு, 65 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு நான்கு பேருக்கு டிமென்ஷியா இருப்பதாகக் கண்டது. மொன்றியலில் உருவான ‘மோகா’ என்ற இன்னொரு தேர்வு முதலில் சிங்களத்திலும், பின்னர் இலங்கைத் தமிழ் முதியோருக்கெனத் தமிழிலும் சரிபார்க்கப்பட்டது. தமிழ் வேலை யாழ்ப்பாணத்தில் நடந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழும் தோட்டத்துத் தமிழும் ஒன்றல்ல, படிப்பு வாய்ப்பும் ஒன்றல்ல. பிறந்த வருடம் தெரியாத ஒருவரிடம் வயதைக் கணிக்கக்கூட, ஊர் அறிந்த நிகழ்ச்சிகளைத் தொட்டுத்தான் கேட்க வேண்டும். 1947-ன் கம்பளை வெள்ளம், 1973, 74-ன் பஞ்சம், தோட்டங்களை அரசாங்கம் எடுத்த 1975 என்று மலையகத்துக்கு அதன் சொந்த நாட்காட்டி இருக்கிறது. கண்டி, மாத்தளை, நுவரெலியாத் தோட்டங்களுக்கென்று, இந்த நாட்காட்டியையும் இந்தத் தமிழையும் அறிந்த ஒரு கேள்வித்தாள் வேண்டும். பேராதனை மருத்துவ பீடத்துக்கு மேலே மலையேறினாலே ஹந்தானைத் தோட்டம்தான்.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. இலங்கையில் 65 வயதைக் கடந்தோர் 2012 குடிசன மதிப்பீட்டில் 7.9 வீதம், 2024-ல் 12.6 வீதம். றாகம விகிதத்தை அப்படியே பொருத்தினால்கூட நாட்டில் டிமென்ஷியா உள்ளவர்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டுவார்கள். பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? தோட்டத்துப் பெண்பிள்ளைகள் கொழும்புத் துணிக்கடைக்கும் வளைகுடா நாட்டு வீடுகளுக்கும் போய்விட்டார்கள். அங்கே வேறொருவருடைய தாயைக் குளிப்பாட்டி, அந்தக் காசை இங்கே தன் தாய்க்கு அனுப்புகிறாள் மகள். 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது, பராமரிப்புப் பணம் கேட்டு முறையிட ஒரு சபையும் அமைத்தது. மறதி நோயாளிக்குப் பணத்துக்கு மேல் தேவைப்படுவது பகலெல்லாம் கூட இருக்கும் ஒரு ஆள். கொழும்பில் 2001-ல் தொடங்கிய லங்கா அல்ஸைமர் மன்றம் மருதானையில் நோயாளிகளுக்கான பகல்நேர நிலையம் நடத்துகிறது. தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. பெரியவர்களுக்கும் ஒரு காம்பராவைத் திறந்துவிட என்ன தடை?

முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. வராமல் தடுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2024-ன் லான்செட் ஆணைக்குழு பதினான்கு காரணங்களை எண்ணி, அவற்றைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் 45 வீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. இளமையில் படிப்பின்மை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, தனிமை, காது கேளாமை, கண்பார்வைக் குறைவு, மாசடைந்த காற்று எல்லாம் அதில் அடக்கம். கண்டி மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்த நகரம். வாகனப் புகை வெளியேற இடமின்றித் தேங்குவதைப் பேராதனைப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து எச்சரித்து வருகிறார்கள். கண்ணில் வெள்ளை படர்ந்த பாட்டிக்குச் செய்யும் சத்திரசிகிச்சையும், காதுக்கு வாங்கித் தரும் கருவியும் மூளைக்கும் செய்யும் உதவி.

எல்லாத் தடுமாற்றமும் டிமென்ஷியா அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, விழுந்து தலையில் அடிபட்டபின் மெல்லக் கசியும் இரத்தம், மனச்சோர்வு ஆகியவையும் இதே வேடத்தில் வரும், சிகிச்சையால் சீராகும். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென ஆளே மாறினால் சிறுநீர்த் தொற்றாகவோ மார்ச்சளியாகவோ இருக்கலாம். அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். ‘வயசு போனா அப்படித்தான்’ என்று விட்டால், குணமாகக்கூடிய இவர்களையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம்.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநல கிளினிக் உண்டு. போகும்போது மூன்றைக் கொண்டுபோங்கள். பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் ஒரு பையில். மாற்றம் எந்தத் திருவிழாவுக்கு முன், எந்தக் கல்யாணத்துக்குப் பின் தொடங்கியது, முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை என்று எழுதிய ஒரு தாள். டாக்டர் சிங்களத்தில் கேட்பதை அவருடைய தமிழில் எடுத்துச் சொல்ல, அவரை நன்றாக அறிந்த ஒருவர். அந்தத் தாளை எழுத உட்காரும்போது, கடைசியாக அவரை எப்போது ஒரு வேலைக்குக் கேட்டோம் என்பதையும் வீட்டில் பேசிப் பாருங்கள்.